கோப்புப் பெயர் நீண்டால் என்ன ஆகும்: நகலெடுக்கும் சி நிரல் ஒன்றில் பாதை வரம்புகளைச் சரிசெய்த பதிவு

பழுதுக்கு வந்த நிரல் சின்னது. ஒரு டைரக்டரியை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கும். மாறாத கோப்புகளுக்கு முந்தைய நகலிலிருந்து ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்ளும். லினக்ஸில் ஆங்கிலப் பெயருள்ள கோப்புகளோடு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. தமிழ்ப் பெயர் வைத்த ஒளிப்படங்களும் பாட்டுகளும் உள்ள பென்டிரைவைச் செருகினால் படுத்துகிறது. சில கோப்புகள் சத்தமில்லாமல் விடுபடுகின்றன. சிலவற்றின் பெயர் வால் அறுந்து போகிறது. புதிய டிஸ்ட்ரிபியூஷனில் மறுபடி கம்பைல் செய்தால், தொடங்கியதுமே "பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்" என்று செத்துவிடுகிறது.

உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பத்துக் கோளாறு. பாதைக்கு 256 பைட் அரே. டைரக்டரி என்ட்ரியை ஸ்ட்ரக்ட் டிரென்ட்டாக அப்படியே நகலெடுத்து வரிசையில் அடுக்கும் பழக்கம். வரம்புகளைச் சொல்லும் பாத்கான்ஃப் ஃபங்ஷன் தரும் எண்ணோடு 1 கூட்டி, நினைவகம் ஒதுக்கும் மாலாக்கில் நேராகக் கொடுக்கும் ஒரு வரி. தற்காலிகக் கோப்புக்கு மூலப் பெயரின் பின்னால் ஒட்டப்படும் வால். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஆனால் நிரலைத் தொடுவதற்கு முன் அந்த இயந்திரம் என்ன வரம்பு சொல்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

கேட்பதற்கு நிரல் எழுத வேண்டியதில்லை. ஷெல்லில் கெட்கான்ஃப் என்ற கட்டளை இருக்கிறது. வரம்பின் பெயரையும் டைரக்டரியையும் கொடுத்தால் பாத்கான்ஃபைக் கூப்பிட்டு விடையை அச்சிடும். சாதாரண எக்ஸ்ட்4 டிஸ்க்கில் நேம்_மேக்ஸ் (ஒரு பெயரின் நீள வரம்பு) 255, பாத்_மேக்ஸ் (பாதையின் நீள வரம்பு) 4096. இந்த இரண்டு எண்ணும் ஒரே கணக்கில் வருவதில்லை. பாத்_மேக்ஸ் கடைசிச் சுழி பைட்டையும் சேர்த்த எண்; நேம்_மேக்ஸ் சேர்க்காத எண். ஆகவே ஒரு சிஸ்டம் காலுக்குக் கொடுக்கக்கூடிய மிக நீளமான பாதை 4095 பைட். ஒரு பெயரை வைக்க வேண்டிய பஃபரோ 256 பைட். இதை மாற்றிப் பிடித்தால் ஒரு பைட் தள்ளி எழுதும் கோளாறு வரும்; அது சோதனையில் சிக்காது, வாடிக்கையாளரிடம்தான் சிக்கும்.

பழைய நிரலில் இருந்த 256 எங்கிருந்து வந்திருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரம் _போசிக்ஸ்_பாத்_மேக்ஸ் என்று 256-ஐயும், _போசிக்ஸ்_நேம்_மேக்ஸ் என்று 14-ஐயும் வைத்திருக்கிறது. எந்தச் சிஸ்டமும் இதற்குக் குறைவாகத் தரக்கூடாது என்ற தரைமட்டம் அது. பஃபரின் கூரையாக எடுத்துக்கொண்டால் வீடு இடியும். 14 என்ற விசித்திர எண்ணுக்குக் காரணம் பழைய யூனிக்ஸ்: அதில் டைரக்டரி என்ட்ரி ஒவ்வொன்றும் 16 பைட். ஐநோட் எண்ணுக்கு 2 போக, பெயருக்கு மிஞ்சியது 14.

லிமிட்ஸ் ஹெடரைச் சேர்த்தும் பாத்_மேக்ஸ் அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் திட்டினால், பெரும்பாலும் சி11 தரத்தைக் கறாராகக் கேட்டிருப்பீர்கள். அந்த நிலையில் லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி போசிக்ஸ் பெயர்களை ஒளித்துவிடும். கோப்பின் தலையில், எந்த ஹெடருக்கும் முன்னால், _போசிக்ஸ்_சி_சோர்ஸ் என்பதை 200809எல் என்று டிஃபைன் செய்யுங்கள். அல்லது ஜிஎன்யு11 வகையில் கம்பைல் செய்யுங்கள். ஜிஎன்யு ஹர்ட் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் பாத்_மேக்ஸ் என்ற மேக்ரோவே கிடையாது. அங்கே கம்பைல் ஆக வேண்டிய நிரல் அந்தப் பெயரை நம்பக்கூடாது.

பென்டிரைவை ஓர் இமேஜில் உண்டாக்குதல்

சோதனைக்கு நிஜ பென்டிரைவ் வேண்டாம். ட்ரங்கேட் கட்டளையால் 64 எம்பி அளவில் ஒரு வெற்றுக் கோப்பு உண்டாக்கி, அதன்மேல் எம்கேஎஃப்எஸ் விஃபேட் ஓட்டி (பென்டிரைவ்களில் வழக்கமான ஃபைல் சிஸ்டம் விஃபேட்), லூப், யுடிஎஃப்8 ஆகிய ஆப்ஷன்களோடு மவுண்ட் செய்தால் போதும். உங்கள் யூசர் எண்ணை யுஐடி ஆப்ஷனில் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எழுத அனுமதி இருக்காது. யுடிஎஃப்8 ஆப்ஷனை விட்டுவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரலாம், சோதனையே பொருளற்றுப் போகும்.

அந்த மவுண்ட் பாயின்ட்டில் நேம்_மேக்ஸ் கேட்டால் வருவது 1530. அச்சுப்பிழை இல்லை. விஃபேட்டில் நீண்ட பெயர் 255 யுடிஎஃப்-16 அலகு வரை போகலாம். கெர்னல் அதை 6 ஆல் பெருக்கிச் சொல்கிறது. ஓர் அலகு எந்த எழுத்துக்குறியீட்டிலும் 6 பைட்டுக்கு மேல் போகாது என்ற கணக்கு. அதாவது 1530 என்பது எதற்கும் போதுமான பஃபர் அளவு. அவ்வளவு நீளப் பெயரை ஏற்றுக்கொள்வேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ஆங்கில எழுத்து 'a' போல ஒரு பைட் எழுத்தை 300 தடவை அடித்துப் பெயர் வைத்துப் பாருங்கள்: 1530-க்கு வெகு கீழே இருந்தும் ஈநேம்டூலாங் ('பெயர் மிக நீளம்') பிழை வரும், ஏனென்றால் அது 300 அலகு.

தமிழில் இது எப்படிக் கடிக்கிறது என்பதற்கு 'கொடைக்கானல்' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்து: கொ, டை, க், கா, ன, ல். யூனிகோடில் 11 குறியீட்டுப் புள்ளி, ஏனென்றால் ஒகரக் கொம்பு, ஐகாரம், புள்ளிகள், கால் எல்லாம் தனித்தனி. தமிழ்த் தொகுதியில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யுடிஎஃப்-8இல் 3 பைட், ஆக 33 பைட். இதை ஏழு தடவை ஒட்டிப் பெயர் வைத்தால் 231 பைட், எக்ஸ்ட்4 ஏற்கும். எட்டு தடவை ஒட்டினால் 264, மறுத்துவிடும். 42 எழுத்து தாண்டியதும் சுவர். அதே எட்டு மடங்குப் பெயர் விஃபேட்டில் வெறும் 88 அலகு, தாராளமாக நுழையும். பென்டிரைவில் இருக்கும் கோப்பு கணினியின் டிஸ்க்குக்கு வர மறுப்பது இதனால்தான். ஈகிரிப்ட்எஃப்எஸ் போட்டுப் பெயர்களையும் மறையாக்கிய ஹோம் டைரக்டரி என்றால் வரம்பு இன்னும் சுருங்கி 143 பைட். அங்கே நான்கு கொடைக்கானலுக்கு மேல் இடமில்லை.

'கொ'வின் கொம்பு-காலை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பிரித்து வைக்கும் சிஸ்டத்திலிருந்து வந்த பெயரானால் மேலே சொன்ன 33 பைட் 36 ஆகிவிடும். லினக்ஸுக்கு இவை இரண்டும் வேறு வேறு கோப்புகள். நீளக் கணக்கைக் கண்ணால் போடாமல் எஸ்டிஆர்லென்னிடம் விட்டுவிடுவது நல்லது.

மைனஸ் ஒன்று

பாத்கான்ஃப், எஃப்பாத்கான்ஃப், சிஸ்கான்ஃப் மூன்றும் லாங் வகையில் விடை தருகின்றன. மூன்றிலும் ஒரே பொறி: -1 வந்தால் அது பிழையாகவும் இருக்கலாம், 'வரம்பு என்று ஒன்று நிர்ணயிக்கப்படவில்லை' என்பதாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரே வழி, கூப்பிடுவதற்கு முன், பிழை எண் உட்காரும் எர்நோவைச் சுழியாக்குவது.

எர்நோ = 0;
லாங் வரம்பு = எஃப்பாத்கான்ஃப்(டைர்எஃப்டி, _பிசி_நேம்_மேக்ஸ்);
இஃப் (வரம்பு == -1 && எர்நோ != 0)
    ரிட்டர்ன் பிழை;
இஃப் (வரம்பு == -1)
    வரம்பு = வரம்பில்லை;

பழைய நிரலில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. விடையோடு 1 கூட்டி நேராக மாலாக்குக்குப் போனது. -1 வந்த நாளில் அது மாலாக்(0). ஜிலிப்சியில் மாலாக்(0) நல் பாயின்டர் தராது. ஒரு குட்டித் துண்டு நினைவகத்தைக் கொடுத்து அனுப்பும். சோதனை எல்லாம் தேறிவிடும், பிறகு அதன்மேல் பாதையை எழுதும்போது ஹீப் நாசமாகும். விபத்து நடக்கும் இடம் வேறு, நிரல் சாகும் இடம் வேறு. மறுகோடியில், மிகப் பெரிய எண் திரும்பி வந்தாலும் அதை அப்படியே மாலாக்கில் போடுவது அபத்தம். வரும் எண்ணை நியாயமான ஓர் உச்சத்தோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

'நிர்ணயிக்கப்படவில்லை' என்ற விடையை 'எல்லையே இல்லை' என்று படிப்பது அடுத்த தவறு. சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் கோப்பு) எவ்வளவு நீள இலக்கு வைக்கலாம் என்ற சிம்லிங்க்_மேக்ஸை ஜிலிப்சியிடம் கேட்டால் எர்நோவைத் தொடாமல் -1 தருகிறது. சரி என்று 5000 பைட் இலக்கு வைத்து சிம்லிங்க் போட்டுப் பாருங்கள். கெர்னல் ஈநேம்டூலாங் தரும். இலக்கும் மற்றப் பாதைகளைப் போல அதே 4096 பைட் வாசலைத் தாண்டித்தான் கெர்னலுக்குள் போக வேண்டும். சிம்லூப்_மேக்ஸும் அப்படியே: சிஸ்கான்ஃப் -1 என்கிறது, கெர்னலோ ஒரு பாதையில் 40 சிம்லிங்க்குக்கு மேல் தொடராமல் ஈலூப் என்று நிறுத்துகிறது.

விடை சொல்வது யார்?

பாத்கான்ஃப் என்ற பெயரைப் பார்த்தால் கெர்னலிடமே கேட்டுச் சொல்வதுபோல் தோன்றும். லினக்ஸில் அப்படி ஒரு சிஸ்டம் காலே கிடையாது. எல்லாம் சி நூலகத்தின் கைவேலை. ஜிலிப்சி நேம்_மேக்ஸுக்கு ஸ்டாட்விஎஃப்எஸ் வழியாகக் கெர்னலைக் கேட்டு, எஃப்_நேம்மேக்ஸ் புலத்தில் உள்ளதைத் தருகிறது. அதனால்தான் விஃபேட்டில் 1530 கிடைத்தது. பாத்_மேக்ஸுக்கு டிஸ்க்கைத் தொடுவதே இல்லை, 4096 என்ற மாறிலியை எடுத்துக் கொடுத்துவிடும். இல்லாத டைரக்டரியைக் கொடுத்துக் கேட்டாலும் 4096தான். பாதை இருக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்தும் நிரல்கள் இருக்கின்றன. அவை பார்த்ததாக நினைத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஆல்பைன் கண்டெய்னரில் கதை இன்னும் சுருக்கம். அங்கிருக்கும் மசல் நூலகம் நீங்கள் கொடுத்த பாதையைக் கண்ணெடுத்தும் பார்க்காது. உள்ளே ஓர் அட்டவணை, அதிலிருந்து விடை: நேம்_மேக்ஸ் 255, பாத்_மேக்ஸ் 4096, லிங்க்_மேக்ஸ் (ஒரு கோப்புக்கு எத்தனை ஹார்ட் லிங்க்) 8. விஃபேட் மவுண்ட்டில் கேட்டாலும் 255, ஈகிரிப்ட்எஃப்எஸ்ஸில் கேட்டாலும் 255. முதலாவது குறைவான விடை, இரண்டாவது அதிகமான விடை. மசல்மீது குற்றம் சொல்ல முடியாது. தரம் இதை அனுமதிக்கிறது. ஆனால் நிரல் இரண்டு நூலகத்திலும் ஒரேமாதிரி நடக்க வேண்டுமானால், பெயர் நீளத்துக்கு எஃப்பாத்கான்ஃபை விட்டுவிட்டு எஃப்ஸ்டாட்விஎஃப்எஸ்ஸை நேரடியாகக் கூப்பிட்டு எஃப்_நேம்மேக்ஸைப் படிப்பதே சரி. மசலிலும் அது கெர்னலின் விடையைக் கொண்டுவருகிறது. புலம் சுழியாக வந்தால் 'தெரியாது' என்று வைத்துக்கொள்ளும்படி எழுதியாயிற்று. ஃப்யூஸ் வழியாக, அதாவது கெர்னலுக்கு வெளியே, யாரோ எழுதிய ஃபைல் சிஸ்டம் எதை நிரப்பும் என்று சொல்ல முடியாது.

எதைக் கொடுத்துக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். நேம்_மேக்ஸைக் கோப்பின்மீது கேட்கக்கூடாது, அந்தக் கோப்பு போய் உட்காரப்போகும் டைரக்டரியின்மீது கேட்க வேண்டும். டைரக்டரி அல்லாததன்மீது கேட்டால் என்ன தருவது என்பதைத் தரம் திறந்தே விட்டிருக்கிறது. மரத்தின் உச்சியில் ஒரு தடவை கேட்டுவிட்டு முழுக்க அதையே பயன்படுத்துவதும் ஆகாது. நடுவில் வேறொரு ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கலாம். எஃப்ஸ்டாட் தரும் எஸ்டி_டெவ் எண் மாறும்போதெல்லாம் திரும்பக் கேட்டால் போதும்.

லிங்க்_மேக்ஸைப் பொறுத்தவரை கேட்காமல் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஜிலிப்சி எக்ஸ்ட்4க்கு 65000 என்கிறது. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றுக்கும் அடையாள எண் ஒன்றே என்பதால், இதைச் சொல்ல அது சிஸ்எஃப்எஸ்ஸையும் மவுண்ட் பட்டியலையும் துழாவ வேண்டியிருக்கிறது. தன் பட்டியலில் இல்லாத ஃபைல் சிஸ்டத்துக்கு 127 என்று கைகழுவிவிடும். மசலின் 8 பற்றிச் சொன்னோம். இந்த நிரல் அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டால், எட்டாவது ஹார்ட் லிங்க்கோடு நிறுத்திவிட்டு முழுக்கோப்பையும் நகலெடுக்கத் தொடங்கும்; டிஸ்க் வீணாக நிரம்பும். லிங்க்அட்டைக் கூப்பிட்டுப் பார்த்து, ஈஎம்லிங்க் ('லிங்க் வரம்பு தாண்டிற்று') வந்தால் நகலெடு, ஹார்ட் லிங்க்கே இல்லாத விஃபேட் போன்றவற்றில் ஈபெர்ம் வந்தாலும் நகலெடு. எண் தேவையே இல்லை.

வால் அறுந்த பெயர்கள்

பெயர் வெட்டுப்பட்டதற்குக் காரணம் இந்த ஒரு வரி:

ஸ்ட்ரக்ட் டிரென்ட் பிரதி = *என்ட்ரி;

ஜிலிப்சியின் ஸ்ட்ரக்ட் டிரென்ட்டில் டி_நேம் 256 பைட் அரேயாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ரீட்டிர் தரும் பாயின்டர் உள் பஃபரின் நடுவில் ஓரிடத்தைக் காட்டுகிறது. அங்கே பெயர் 256-ஐத் தாண்டியும் தொடரலாம். நம் 264 பைட் பெயர் விஃபேட்டிலிருந்து அப்படியே முழுசாக வருகிறது. பாயின்டர் வழியாகப் படித்தால் முழுப்பெயரும் கிடைக்கும். ஸ்ட்ரக்ட்டை அசைன் செய்தாலோ முதல் 256 பைட் மட்டும் நகலாகும், முடிவில் சுழி பைட்டும் இருக்காது. அதற்கப்புறம் எஸ்டிஆர்லென் எங்கே போய் நிற்கும் என்பது அந்த நேரத்து ஸ்டாக்கின் தலையெழுத்து. டி_நேமின்மீது சைஸ்ஆஃப் போடுவதும் இதே காரணத்தால் தப்பு.

மாற்றம் சிறியது. என்ட்ரியை நகலெடுக்காமல், டி_நேமை எஸ்டிஆர்டப் செய்து பாயின்டரை வரிசையில் வைத்தால் போதும். பழைய நிரலில் ரீட்டிர்_ஆர் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்கள். கூப்பிடுபவர் கொடுக்கும் பஃபருக்குச் சரியான அளவைக் கணக்கிடவே முடியாது என்ற இந்தத் தொல்லையும் சேர்ந்துதான், 2016இல் வந்த ஜிலிப்சி 2.24 அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. ஒவ்வொரு த்ரெட்டும் தன் டிர் பாயின்டரைத் தானே வைத்திருந்தால் சாதாரண ரீட்டிரே போதும்.

தொடக்கத்திலேயே சாகும் கோளாறு, உண்மையான முழுப்பாதையைக் கண்டு தரும் ரியல்பாத்தில். 256 பைட் பஃபரை இரண்டாவது ஆர்கியுமென்ட்டாகக் கொடுத்திருந்தார்கள். பஃபர் அளவுகளைச் சோதிக்கும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸோடு ஓ2 வைத்துக் கம்பைல் செய்தால், பஃபர் பாத்_மேக்ஸைவிடச் சிறியது என்று தெரிந்த மாத்திரத்தில் ஜிலிப்சி நிரலைக் கொன்றுவிடும். உண்மையான பாதை '/' என்ற ஒற்றை எழுத்தாக இருந்தாலும் மன்னிப்பு இல்லை. உபுண்டுவின் ஜிசிசி ஆப்டிமைசேஷனோடு ஃபோர்ட்டிஃபையைத் தானே சேர்த்துக்கொள்வதால் அங்கே உடனே வெளிப்படுகிறது. இரண்டாவது ஆர்கியுமென்ட்டை நல் ஆக்கிவிட்டால், தேவையான அளவு நினைவகத்தை ரியல்பாத் தானே மாலாக் செய்து தரும். போசிக்ஸ் 2008 இதை உறுதிசெய்திருக்கிறது. வேலை முடிந்ததும் ஃப்ரீ செய்ய மறக்காதீர்கள்.

சிம்லிங்க்கின் இலக்கைப் படிக்கும் ரீட்லிங்க்கும் அதே ரகம், ஆனால் இன்னும் ஊமை. பஃபர் போதாவிட்டால் பிழை சொல்லாமல் வெட்டிவிடும். சுழி பைட்டும் போடாது. எல்ஸ்டாட்டில் எஸ்டி_சைஸ் பார்த்து அந்த அளவுக்கு ஒதுக்கலாம் என்று பலர் எழுதுகிறார்கள். /ப்ராக் கீழுள்ள சில லிங்க்குகளில் எஸ்டி_சைஸ் சுழியாக இருப்பதால் அங்கே அது கவிழும். 256-இல் தொடங்கி, திரும்பிய அளவு பஃபர் அளவுக்குச் சமமாக இருக்கும்வரை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவதுதான் எல்லா இடத்திலும் நிற்கும் வழி.

4096-ஐத் தாண்டிய மரம்

பாத்_மேக்ஸ் என்பது ஒரு சிஸ்டம் காலுக்குள் ஒரே மூச்சில் கொடுக்கும் சரத்தின் வரம்பு. டிஸ்க்கில் உள்ள மரத்தின் ஆழத்துக்கு அதனோடு சம்பந்தமில்லை. சோதிக்க ஒரு குட்டி நிரல்: 200 பைட் பெயரில் எம்கேடிர்அட், உடனே அதை ஓபன்அட், கிடைத்த புதிய டிஸ்கிரிப்டரின்மேல் (திறந்த டைரக்டரியைக் குறிக்கும் எண்) மறுபடி எம்கேடிர்அட், இப்படி 21 அடுக்கு. சாய்கோடுகளையும் சேர்த்தால் 4221 பைட் பாதை. எந்த அடியிலும் பிழை வராது. அதே பாதையை ஒரே சரமாக்கி ஓபனுக்குக் கொடுங்கள், ஈநேம்டூலாங். உள்ளே நின்றுகொண்டு கெட்சிடபிள்யூடி கேட்டால், கெர்னல் கைவிரித்தாலும் ஜிலிப்சி ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறிப் பெயர்களைச் சேகரித்து முழுப்பாதையைத் தந்துவிடும், பஃபர் போதுமானால்.

ஆகவே நகல் நிரலில் பாதையைச் சரமாக ஒட்டிக்கொண்டே போகும் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டு, டிஸ்கிரிப்டரும் பெயரும் என்ற ஜோடியால் நடக்கும்படி மாற்றியாயிற்று. ஓபன்அட், எஃப்ஸ்டாட்அட், எம்கேடிர்அட், லிங்க்அட், ரினேம்அட். டைரக்டரியைப் படிக்க எஃப்டிஓபன்டிர். முழுப்பாதை இப்போது பயனருக்குச் செய்தி அச்சிட மட்டுமே கட்டப்படுகிறது, அதுவும் வளரும் பஃபரில். நடுவில் யாராவது டைரக்டரியை நகர்த்திவிட்டாலும் தவறான இடத்தில் எழுதும் ஆபத்து குறைவது உபரி லாபம்.

பெயர் நீண்டாலும் பாதை நீண்டாலும் ஈநேம்டூலாங் என்ற ஒரே எர்நோ வருவதால், பழைய நிரலின் 'பாதை நீளம்' என்ற செய்தி பயனரைத் தவறான இடத்தில் தேடவைத்தது. இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் ஒற்றைப் பெயர் மட்டுமே போகிறது என்பதால் குழப்பம் தானாகத் தீர்ந்தது: வந்தால் அது பெயரின் நீளம்தான். செய்தியில் பெயரின் பைட் அளவையும், இலக்கு டைரக்டரி சொல்லும் எஃப்_நேம்மேக்ஸையும் சேர்த்து அச்சிடுகிறோம். "264 பைட், இங்கே 255 வரைதான்" என்று கண்டால் யாருக்கும் புரியும்.

எஃப்_நேம்மேக்ஸைக் கொண்டு முன்கூட்டியே கோப்பை நிராகரிப்பதில்லை என்பதையும் கவனிக்கவும். விஃபேட்டின் 1530 எதையும் தடுக்காது; மசலின் பாத்கான்ஃப் தரும் 255-ஐ நம்பினாலோ தடுக்கக்கூடாததைத் தடுக்கும். முயன்று பார்ப்பது, கெர்னல் மறுத்தால் காரணம் சொல்வது, விடுபட்டவற்றை எண்ணி வெளியேறும்போது சுழியல்லாத ஸ்டேட்டஸ் தருவது. சத்தமில்லாமல் விடுபடுவது பழைய நிரலில் இந்தக் கடைசிப் படி இல்லாததால் வந்தது. எரரைப் பார்த்ததும் கன்டின்யூ போட்டிருந்தார்கள்.

தற்காலிகப் பெயர் விஷயத்தில் கொஞ்சம் சுவாரசியம். நிரல் முதலில் மூலப் பெயரோடு ஏழு பைட் வால் ஒட்டிய கோப்பில் எழுதிவிட்டு, முடிந்ததும் ரினேம் செய்கிறது. 249 முதல் 255 பைட் வரை உள்ள பெயர்கள் இலக்கில் செல்லத்தக்கவை. ஆனால் வாலோடு சேர்ந்தால் வரம்பைத் தாண்டும். அந்தக் குறுகிய ஜன்னலில் விழும் கோப்புகள் மட்டும் தோற்பதால் காரணம் கண்டுபிடிக்கத் தாமதமாகும். பெயரை வெட்டி இடம் செய்யலாம் என்றால், யுடிஎஃப்-8இன் நடுவில் வெட்டக்கூடாது. மேல் இரண்டு பிட் 10 என்று உள்ள பைட் ஒரு குறியீட்டின் தொடர்ச்சி, அப்படி இல்லாத பைட் வரும்வரை பின்னால் நகர வேண்டும். அப்படிச் செய்தாலும் புள்ளி கழன்று 'க்' வெறும் 'க' ஆகலாம். எதற்கு வம்பு? தற்காலிகப் பெயருக்கும் மூலப் பெயருக்கும் உறவே வேண்டாம் என்று, ஒரு புள்ளியில் தொடங்கி பிராசஸ் எண்ணும் ஒரு கவுண்டரும் கொண்ட சின்னப் பெயராக்கி, ஓ_எக்ஸ்சிஎல் கொடியோடு திறக்கிறோம். ஓ_டிஎம்பிஃபைல் நேர்த்தியான வழி. ஆனால் விஃபேட்டில் கிடையாது, லிங்க்அட்டால் ஏற்கெனவே உள்ள பெயரை மாற்றி வைக்கவும் முடியாது.

டிஸ்கிரிப்டர் கணக்கு

ஓபன்அட் வழியில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு டிஸ்கிரிப்டர் திறந்தபடி இருக்கும். மூலத்துக்கு ஒன்று, இலக்குக்கு ஒன்று. சிஸ்கான்ஃபிடம் _எஸ்சி_ஓபன்_மேக்ஸ் கேட்டால் ஆர்லிமிட்_நோஃபைலின் சாஃப்ட் வரம்பு வருகிறது, வழக்கமாக 1024. ஐந்நூறு அடுக்கு ஆழம் இயல்பாக வராது என்று விட்டுவிடலாம். ஆனால் தப்பாகப் போன ஸ்கிரிப்ட் ஒன்று தனக்குள் தன்னையே நகலெடுத்து உண்டாக்கிய மரங்களில் வந்திருக்கிறது. வரம்பில் பாதியை நெருங்கும்போது மேல் அடுக்குகளை மூடிவிட்டு, திரும்பும்போது '..' வழியாகத் திறந்து, எஸ்டி_டெவ், எஸ்டி_ஐஎன்ஓ இரண்டும் பழையபடி இருக்கின்றனவா என்று சரிபார்த்துத் தொடர்கிறது நிரல்.

இதே எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்திய இடம் ஒன்று இருந்தது. அமுக்குவதற்காக வேறு நிரலை ஃபோர்க் செய்து ஓட்டும்போது, குழந்தைப் பிராசஸில் 3-லிருந்து ஓபன்_மேக்ஸ் வரை ஒவ்வொன்றாக க்ளோஸ் செய்யும் லூப். 1024 என்றால் கண்ணிமைக்கும் நேரம். வரம்பை 'முடிவிலி' என்று வைத்த கண்டெய்னரில் சிஸ்கான்ஃப் 1073741816 என்று சொல்லும். நூறு கோடிக்கு மேல் சிஸ்டம் கால், சிபியு கொதிக்க, நிரல் தொங்கிவிட்டது போல் நிற்கும். லினக்ஸ் 5.9இல் வந்த க்ளோஸ்_ரேஞ்ச் இதை ஒரே அழைப்பில் முடிக்கிறது, ஜிலிப்சி 2.34 முதல் அதற்கு ஃபங்ஷனும் உண்டு. பழைய சிஸ்டத்துக்கு /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி டைரக்டரியைப் படித்து, உண்மையில் திறந்திருப்பதை மட்டும் மூடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஓ_க்ளோஎக்செக் கொடியோடு திறந்திருந்தால் இந்த லூப்பே வேண்டியிருந்திருக்காது, அதையும் சேர்த்தாயிற்று.

பாத்கான்ஃப், சிஸ்கான்ஃப் எதிலும் கேட்க முடியாத ஒரு பாதை வரம்பு மிச்சம். நிரலின் நிலையைச் சொல்லும் யூனிக்ஸ் சாக்கெட், இலக்கு டைரக்டரிக்குள்ளேயே திறக்கப்பட்டது. சாக்கெட் முகவரியில் சன்_பாத் அரே லினக்ஸில் 108 பைட், மேக்கிலும் பிஎஸ்டியிலும் 104. மூன்று கொடைக்கானல் போட்ட டைரக்டரியே 99 பைட் ஆகிவிட்டதால் பைண்ட் தோற்றது. எஸ்டிஆர்என்சிபிஒய் வெட்டிய இடங்களில் வேறு பெயரில் சாக்கெட் முளைத்தது. சைஸ்ஆஃப் கொண்டு நீளத்தை முதலில் சோதிக்க வேண்டும். நீளம் தாண்டினால், டைரக்டரியைத் திறந்து வைத்துக்கொண்டு /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி/ என்பதன் பின் அந்த டிஸ்கிரிப்டர் எண்ணும் சாக்கெட்டின் பெயரும் சேர்த்துப் பைண்ட் செய்தால் பாதை முப்பது சொச்சம் பைட்டில் அடங்கிவிடுகிறது. இணையும் பக்கமும் அதே உத்தியைத் தன் டிஸ்கிரிப்டரோடு செய்ய வேண்டும். இந்த வழி லினக்ஸுக்கு மட்டும். மற்றச் சிஸ்டங்களில் சாக்கெட்டை /டிஎம்பி கீழ் ஒரு குட்டிப் பெயருள்ள, 0700 அனுமதி கொண்ட டைரக்டரிக்கு மாற்றிவிடுங்கள்.